வெறுங்காலுக்கு ஒரு தரை

மார்ச் 3

சில்லுவின் அம்மாவுக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. வக்கீல் நோட்டீஸ் இல்லை. போனில் பேசினால் நான் ஏதாவது உளறுவேன், நீ உடனே "இருங்க, அவகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கடிதமே எழுதியதில்லை. தப்பு இருந்தால் சிரித்துக்கொள், பரவாயில்லை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் சில்லு ஒன்று கேட்டாள். "அப்பா, லீவுக்கு வந்தா வெறுங்கால்ல நடக்கலாமா? இங்க எப்பவும் அந்தப் பட்டை வச்ச ஷூவைப் போட்டுக்கிட்டே இருக்கச் சொல்றாங்க. அதுல தரை எங்க இருக்குன்னே தெரியல." நான், "நம்ம வீட்டுல நடடா கண்ணு, யாரு வேணாங்கறா" என்றேன். அப்புறம், "அங்க வழுக்கும்பா" என்றாள்.

ஊரெல்லாம் டைல்ஸ் போடுகிறவன் சொந்த வீட்டில் சும்மா இருப்பானா என்று, கூடத்திலிருந்து பின்பக்கத்து மதில் வரை ஒரு சாண் மண் தெரியாமல் போட்டவன் நான். வந்தவர்களை எல்லாம் நிற்க வைத்து, "குனிஞ்சு பாருங்க, தலை வாரிக்கலாம்" என்று காட்டியவனும் நான்தான். அவள் தவழும்போது டைல்ஸ் சில்லு ஒன்றைக் கையை விட்டு இறக்க மாட்டாள், அதனால்தான் அந்தப் பேரே வந்தது. அவளுக்கே இப்போது அந்தத் தரை பயம்.

பின்பக்கத்தில் புல்லோ வேறு ஏதாவதோ வளர்க்கலாம் என்று நினைக்கிறேன். விழுந்தாலும் அடிபடாது. நர்சரிக்காரரைப் போய்ப் பார்த்தேன். "பாக்கறதுக்கா சார், நடக்கறதுக்கா?" என்றார். நடக்க என்றேன். "எப்படிப்பட்ட காலு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ செருப்புக் கடையில் நாள் முழுக்க யார் யார் காலையோ பிடித்து அளவு பார்க்கிறவள். அவள் காலும் உன் மடியில்தான் இருக்கிறது. எது மெத்தென்று இருக்கும், எது கூசும், கொஞ்சம் எழுது.

சில்லு அப்பா


மார்ச் 12

சில்லு அப்பாவுக்கு,

கிழித்துப் போடவில்லை. நாலு நாள் மேஜை மேல் கிடந்தது, பிறகு பிரித்தேன்.

முதலில் ஒன்று. புல் மண்ணில் வளரும். நம் வீட்டில் மண் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது. போன மாதமே பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தசை கரைந்துகொண்டே வருகிறதாம். நிறுத்த மருந்து இல்லை. "இந்த வருஷம் நடப்பா. அடுத்த வருஷத்தை நான் சொல்ல மாட்டேன்" என்றார். நீங்கள் அங்கே தனியாக இருக்கும்போது இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அதுவும் உண்மை.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். அவள் அந்தத் தரையில் விழுந்தபோதெல்லாம் "கீழ பாத்து நட, கனவு கண்டுக்கிட்டே நடக்காத" என்று திட்டினீர்கள். கணுக்கால் முறிந்த அன்றுகூட முதலில் அதைத்தான் சொன்னீர்கள். தரையால் வந்த வியாதி இல்லை என்று டாக்டர் எனக்கு மூன்று விதமாக விளக்கிவிட்டார். புத்திக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பளபளப்பு ஞாபகம் வந்தால் வயிறு எரிகிறது. அந்த வீட்டுக்கு என்னால் திரும்ப முடியாததற்கு அதுதான் காரணம், வேறு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

அவளுக்கு ஆசை காட்டாதீர்கள். காட்டியாகிவிட்டது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் குதிகாலை ஊன்றுவதில்லை, முன்பாதத்தில்தான் நடக்கிறாள். விரல் நுனி தரையை உரசிக்கொண்டே போகும். அதனால் கொடி கொடியாக எழும்பி நிற்கிற எதுவும் ஆகாது, மாட்டி விழுவாள். மேடு பள்ளம் கூடாது. உள்ளங்கால் தோல் குழந்தைக்கு இருப்பதுபோல் இருக்கிறது. குத்துகிறது, கொதிக்கிறது, வழவழக்கிறது எதுவும் வேண்டாம்.

கடையில் எல்லாருக்கும் செருப்பு மாட்டிவிடுகிறவளின் பெண்ணுக்குச் செருப்பே பிடிக்கவில்லை. சிரிப்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில்லு அம்மா


மார்ச் 27

சில்லுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்த வருஷத்தைப் பற்றிய வரியை மட்டும் ஒரு தடவைதான் படித்தேன்.

மண் எங்கே என்று கேட்டாய். இருக்கிறது. பின்பக்கம் முழுவதையும் உடைத்துவிட்டேன். நான் ஒட்டினால் பேர்க்க முடியாது என்று வாடிக்கைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வேனே, அது நிஜம்தான் என்று என் தோள்பட்டை சாட்சி சொல்கிறது. பக்கத்து வீட்டு டிரைவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, புதையலா?" என்றார். "ஆமா, கெடச்சா பாதி உனக்கு" என்றேன். கிடைத்தது கறுப்பு மண். வெயிலையே பார்க்காத மண். ஒரு மாதிரி வாடை அடித்தது.

பிறகு நர்சரிக்குப் போய் நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக விரித்து வைத்து, "செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க" என்றார். நடந்தேன். இங்கேதான் வம்பு. என் கால் உனக்குத் தெரியும். சிமென்ட்டில் ஊறி ஊறி அது கால் இல்லை, செங்கல். எதன் மேல் நின்றாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. மகளுக்குத் தரை பார்க்க வந்தவனுக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை! கடைசியில் மண்டி போட்டுக் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். "மயக்கமா சார்?" என்றார்.

கன்னத்துக்குத் தெரிவதும் காலுக்குத் தெரிவதும் ஒன்றா என்று எனக்குச் சந்தேகம். அதனால் எங்கள் தொழில் வழக்கப்படியே செய்துவிட்டேன். டைல்ஸ் வாங்குகிறவர்களுக்குச் சாம்பிள் காட்டாமல் விற்போமா? நாலு டைல்ஸ் பெட்டியில் மண் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி வைத்து பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று கொரியன் புல், பார்க்கத் தலையணை மாதிரி இருக்கும். இரண்டு அருகம்புல். மூன்று அகல இலைப் புல். நாலு பொடுதலை, குட்டிக் குட்டியாகப் பூ விடும். அவளை ஒவ்வொன்றிலும் நிற்க வை. எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும். தண்ணீர் தெளிக்க மறக்காதே.

சில்லு அப்பா


ஏப்ரல் 6

சில்லு அப்பாவுக்கு,

உங்கள் தோட்டம் வந்து சேர்ந்தது. பார்சல் ஆபீஸ்காரர் சட்டையைத் தட்டிக்கொண்டே, "என்னம்மா இது, மண்ணு கொட்டிக்கிட்டே வருது" என்று முகத்தைச் சுளித்தார். அன்றைக்கென்று லிஃப்ட் வேலை செய்யவில்லை, மாடிக்குத் தூக்கி வருவதற்குள் எனக்கு உயிர் போயிற்று. சொல்லிவிட்டு அனுப்பக் கூடாதா?

இந்த வீட்டில் பால்கனி என்று சொல்லிக்கொள்கிற இடத்தில் நாலையும் வரிசையாக வைத்தேன். சில்லு கண்ணை மூடிக்கொண்டாள். நான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கொரியன் புல்லில் வைத்ததும், "ஐயோ, சீப்பு மேல நிக்கற மாதிரி இருக்கு" என்று காலை இழுத்தாள். அருகம்புல்லில் கட்டைவிரல் கொடியில் மாட்டி என் மேல் சாய்ந்தாள். அகல இலை கோணிப்பையாம். பொடுதலை பிடித்திருந்தது. ஆனால் பூவுக்கு எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து அவள் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அவளால் காலை வெடுக்கென்று எடுக்க முடியாது. தேனீக்கு அது எப்படித் தெரியும்? நான் தூக்கி எடுத்தேன்.

சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள், "அம்மா, மூணாவது பெட்டி மூலையில இன்னொண்ணு இருக்கே" என்றாள். நீங்கள் வைத்தது இல்லை. மண்ணோடு வந்த களை. மூன்று மூன்றாகப் பொடி இலை, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கிறது. ஒரு உள்ளங்கை அளவுகூட இல்லை. அதில் முன்பாதத்தை வைத்தாள். "பூனை முதுகும்மா" என்றாள். வெகுநேரம் எடுக்கவில்லை. கை வலிக்குது, போதும் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

அதில் ஒரு கொத்தைக் கிள்ளி இதோடு வைத்திருக்கிறேன். வாடியிருக்கும், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மே மாதக் கடைசியில் லீவு கேட்டுப் பார்க்கிறேன். உறுதி என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

சில்லு அம்மா


ஏப்ரல் 20

சில்லுவின் அம்மாவுக்கு,

கொத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். நர்சரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இதைப் பிடுங்கி எறியறதுக்கு நான் ஆள் வச்சிருக்கேன். இதை யாராவது வளப்பாங்களா?" என்றார். பேர் கேட்டேன். "களைன்னு பேரு" என்றார். விற்கிற சரக்கு இல்லை, அதனால் ஊரில் எங்கும் வாங்க முடியாது.

வாங்க முடியாவிட்டால் என்ன? வேலை முடிந்து வரும்போது பூச்சுக் கரண்டியும் சாக்குமாக ஒரு சுற்று சுற்றுகிறேன். விளையாட்டு மைதானத்து ஓரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தபால் ஆபீஸ் வாசல், எங்கே பார்த்தாலும் இருக்கிறது. இத்தனை வருஷம் அதன் மேல்தான் நடந்திருக்கிறேன். மைதானத்துக் காவல்காரர் முதல் நாள் விரட்டினார். மகளுக்கு என்றதும், நல்ல திட்டு எங்கே இருக்கிறது என்று அவரே இப்போது காட்டுகிறார்.

தரை பிரமாதமாக வந்திருக்கிறது. மேடு பள்ளம் கூடாது என்று எழுதினாய் அல்லவா? மண்ணைச் சலித்துப் போட்டு, திம்சு வைத்து இறுக இடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு நூல் பிசகு இல்லை. மேலே கோலிக் குண்டு வைத்தால் உருளாது, அப்படியே நிற்கும். அதன் மேல் வரிசையாக நட்டிருக்கிறேன். மே மாதத்துக்குள் முக்கால்வாசி மூடிவிடும். அவளிடம் உறுதி என்று சொல்லவில்லை. "பூனை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள், "பால் குடிக்குது" என்று மட்டும் சொன்னேன்.

சில்லு அப்பா


மே 15

சில்லுவின் அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடையில் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் அழுகிவிட்டது. மறைத்து என்ன பயன், சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் மழை. தண்ணீர் போக வழி இல்லாமல் தட்டில் நிற்பதுபோல் நின்றது. வேர் எல்லாம் கறுத்து, இழுத்தால் நூல் மாதிரி கையோடு வருகிறது. நர்சரிக்காரர் வந்து குதிகாலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். "சார், இது தரை. மண்ணு இல்ல" என்றார். நான் தெரிந்தா செய்தேன்? மண்ணைக் கண்டால் இடிக்கத்தான் என் கைக்குத் தெரியும். மறுபடியும் ஒரு தரையைத்தான் போட்டு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

கொத்திப் புரட்டிவிட்டேன். மதில் பக்கம் லேசாகச் சாய்வு கொடுத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து, இந்தத் தடவை இடிக்கவில்லை. மறுபடி நடுகிறேன். ஆனால் மே மாதம் போய்விட்டது. ஆகஸ்டுக்கு முன்னால் மூடாது.

இருந்தாலும் லீவுக்கு அழைத்து வா. மூடாவிட்டால் என்ன, ஒரு பாய் அளவு பச்சை இருந்தால்கூட அதில் நடக்கட்டும். நான் கூடவே நடக்கிறேன். கீழே பார்த்து நட என்று சொல்ல மாட்டேன்.

சில்லு அப்பா


ஜூன் 2

சில்லு அப்பாவுக்கு,

இனிமேல் அவசரம் இல்லை. அது மெதுவாகவே வளரட்டும்.

ஏப்ரல் கடைசியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பிறகு பிடித்தும் முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் மடங்கி உட்கார்ந்தாள். விழவில்லை, யாரும் தள்ளவில்லை, வழுக்கவும் இல்லை. சாதாரண சிமென்ட் தரை. "எந்திரிடி" என்றேன். "கால் கேக்கல மா" என்றாள். இந்த வருஷம் நடப்பாள் என்று சொன்ன டாக்டர், "சிலருக்கு முன்னாடியே வரும்" என்றார். போன வாரம் சக்கர நாற்காலி வந்துவிட்டது.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "தெரிஞ்சா அப்பா செடி நடறதை நிறுத்திடுவார்" என்கிறாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்?

நாற்காலியில் உட்கார்ந்தாலும் காலுக்கு ஏதாவது போடவேண்டும் என்றார்கள். கடையிலிருந்து ஒரு ஜோடி எடுத்து வந்து மாட்டினேன். இத்தனை நாள் மாட்டேன் என்றவள் மறுக்காமல் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் கழற்றி வழக்கம்போல அடிப்பக்கத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன். துடைக்க ஒன்றுமே இல்லை. பெட்டியில் இருந்தது போலவே இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் "எவ்வளவு நாள் உழைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். இது உழைக்கவே வேண்டியதில்லை. அந்த ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்களும் கொஞ்சம் அழுதுகொள்ளுங்கள்.

சில்லு அம்மா


ஜூன் 10

சில்லுவின் அம்மாவுக்கு,

அழுதேன். நீ சொன்னதால் இல்லை.

நேற்று ஞாயிறு அவள் போன் பண்ணினாள். "இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்தேன் தெரியுமாப்பா? லிஃப்ட் வரைக்கும்!" என்றாள். நான், "அடி சக்கை! அவ்வளவு தூரமா?" என்றேன். இரண்டு பேரும் நன்றாகவே நடித்தோம்.

செடி நடுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒன்று கேட்டு எழுது. நாற்காலிச் சக்கரம் அந்த மண்ணில் புதைந்துவிடும். ஓரமாக மதில் வரைக்கும் ஒரு பாதை போட்டால்தான் அவளைப் பக்கத்தில் கொண்டுபோக முடியும். அதற்கு நான் மறுபடி டைல்ஸைத்தான் எடுக்க வேண்டும். சொரசொரப்பு டைல்ஸ், தண்ணீர் ஊற்றினாலும் வழுக்காது, நானே ஊற்றி நடந்து பார்த்தேன். அது உனக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம், வேறு ஏதாவது யோசிக்கிறேன்.

இன்னொன்று. இதைக் கேட்கலாமா கூடாதா என்று நாலு நாளாக யோசனை. நடக்க முடியாது, சரி. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா? தொட்டால் தெரிகிறதா அவளுக்கு?

சில்லு அப்பா


ஜூன் 18

சில்லு அப்பாவுக்கு,

தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. நேற்று கணுக்காலில் கொசு உட்கார்ந்தது, "அம்மா, கொசு" என்று கூப்பிட்டாள். தூக்கத்தான் முடியவில்லை, தொடுவது எல்லாம் முன்னைப்போலவே இருக்கிறது. பயிற்சி கொடுக்கிற அம்மாவிடமும் கேட்டேன். அந்த உணர்ச்சி கடைசி வரை போகாது என்றார். நான் அதை ஒரு கொடுமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது.

உங்களுக்குத் தெரியும் என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். அரைநாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "நிறுத்திட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப லிஃப்ட் வரைக்கும் நடந்தேன்னு சொன்னதுக்கு அடி சக்கைன்னாரே, அது சும்மாவா?" என்றாள். சும்மாதான் என்றேன். சிரித்துவிட்டாள். உங்களைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு.

பாதையைப் போடுங்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வருகிறோம், ஞாயிறு காலையில் கிளம்பிவிடுவோம். தங்கத்தான் வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிவைக்க வேண்டாம். நான் அவளுக்குத் துணையாக வருகிறேன், அவ்வளவுதான்.

சில்லு அம்மா


ஆகஸ்ட் 19

சில்லுவின் அம்மாவுக்கு,

பஸ் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததா? நீங்கள் போன பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் வெறிச்சென்று இருக்கிறது. கூடத்தில் நாற்காலிச் சக்கரத்தின் ஈரக் கோடு காய்ந்து போகும் வரை துடைக்கவில்லை.

சனிக்கிழமை நீ பாதையை விட்டு இறங்கவே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் கவனித்தேன். நாற்காலியை ஓரத்தில் நிறுத்தி அவள் காலை எடுத்து அந்தப் பச்சையில் வைத்தபோது, "பூனைதான்பா" என்று கண்ணை மூடிக்கொண்டாளே, அதற்கே இந்த ஐந்து மாதமும் போதும் என்று நினைத்தேன். பிறகு நீ உள்ளே போன சமயம் என்னை நடந்து காட்டச் சொன்னாள். மதில் வரை போய்த் திரும்பினேன். "எப்படிப்பா இருக்கு?" என்றாள். "மெத்துன்னு இருக்குடா" என்றேன். "பொய்யி. உங்க காலுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "எனக்குத் தெரியுது, நடக்க முடியல. நீங்க நடக்கறீங்க, தெரியல. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளுப்பா." பதினோரு வயசுப் பெண் சொல்கிற பேச்சா அது? முகத்தைத் திருப்பிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தேன்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நான் பஸ் நிலையத்துக்குப் போக வண்டி பிடித்து வந்தபோது நீங்கள் இருவரும் புறப்பட்டு வாசலில் இருந்தீர்கள். உன் புடவை ஓரம் நனைந்திருந்தது. குளியலறையில் நனைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்களை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து பின்பக்கம் போனேன்.

முதல் நாள் விட்ட தண்ணீரில் மண் இளகியிருந்தது. அதில் கால் தடம். வெறுங்கால், என்னுடையது இல்லை. குதிகால் ஆழமாக இறங்கியிருந்தது, கனமாக எதையோ தூக்கிக்கொண்டு நடந்தால் இறங்குகிற மாதிரி. ஒவ்வொரு தடத்துக்கும் முன்னால் இரண்டு மெல்லிய கோடு, இலையை ஒதுக்கிக்கொண்டே நேராகப் போயிருந்தது. விரல் நுனி உரசின கோடு. பாதையோரத்தில் ஆரம்பித்து மதில் வரைக்கும் இருந்தது. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. நீ செருப்பைக் கழற்றி, அவளைப் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்து, நடத்திக்கொண்டு போயிருக்கிறாய். எனக்குத் தெரியாமல்.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்க மாட்டேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை. இரண்டு நாளாக அந்தப் பக்கம் தண்ணீர் விடவில்லை, காலும் வைக்கவில்லை. நர்சரிக்காரர் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க சார், ரெண்டு வாரத்துல நிமிந்துடும், மிதிச்ச அடையாளமே தெரியாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? என் டைல்ஸில் தடமே விழாது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். இப்போது ஒரு தடம் போய்விடக் கூடாதே என்று காவல் இருக்கிறேன்.

சில்லு அப்பா


ஆகஸ்ட் 28

சில்லு அப்பாவுக்கு,

கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தரையில் ஒரு கீறல் விழுந்தால் வாசலில் இருந்தே கண்டுபிடிக்கிறவர்தானே.

அவள்தான் கேட்டாள். நீங்கள் வண்டிக்குப் போன உடனே, "அம்மா, ஒரே ஒரு தடவை கடைசி வரைக்கும்" என்றாள். உங்களை எதிர்பார்த்து நிற்க நேரம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் பார்க்க அந்த மண்ணில் கால் வைக்க எனக்கு ரோஷமாக இருந்தது. அதனால் அதைப் பார்ப்பது உங்களுக்கு இல்லாமல் போயிற்று. அது என்னை உறுத்துகிறது.

அவள் நடக்கவில்லை, இழுத்துக்கொண்டுதான் போனேன். அது அவளுக்கும் தெரியும். பாதி வழியில் நின்று பிடியை மாற்றிக்கொண்டேன். "போதுமாடி?" என்றேன். "இல்ல, மதில் வரைக்கும்" என்றாள். மதிலைக் கையால் தொட்டாள். அப்படியே இரண்டு பேரும் அந்தப் பூனை மேல் உட்கார்ந்துவிட்டோம். மெத்தென்றுதான் இருக்கிறது. நீங்கள் போட்டதிலேயே நல்ல தரை அதுதான்.

ஒரு வாரமாக ஒன்று மட்டும் மனதைப் போட்டு அறுக்கிறது. பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்ததால் அந்தத் தூரம் முழுக்க நான் பார்த்தது அவளுடைய பின்னந்தலையைத்தான். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்கிறாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தடத்துக்குக் காவல் இருக்க வேண்டாம். தண்ணீர் விடுங்கள், நிமிரட்டும். கால் வெடிப்புக்கு ஒரு களிம்பு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தினமும் தேயுங்கள், தோல் கொஞ்சம் மெலியட்டும், உங்களுக்கும் ஏதாவது தெரியும்.

அடுத்த மாதம் வருகிறோம். அவள் கைகளிலும் பலம் குறைந்துகொண்டே வருகிறது, அதற்கு மேல் தள்ளிப் போட முடியாது. இந்தத் தடவை நீங்கள் அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். நான் முன்னால் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறேன். திரும்பி வரும்போது நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பாருங்கள்.

சில்லு அம்மா